பழைய மின்சாரக் கார், ஹைபிரிட் கார்: பேட்டரி மாற்றுவதா, எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வயதை நெருங்கும் மின்சாரக் காரோ ஹைபிரிட் காரோ வைத்திருப்பவர்கள் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். ரேஞ்ச் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகியிருக்கும், அல்லது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு முக்கோணம் எரியும். பேட்டரியை மாற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாமா, மோட்டாரையும் சேர்த்துப் பெரிதாக்கலாமா, இல்லை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வண்டி எடுக்கலாமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பேட்டரி அளவைச் சொல்லும் கிலோவாட் மணி என்பது மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். அதனால் கீழே யூனிட் என்றே எழுதுகிறேன்.

பவர்ட்ரெயின் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்குமா?

அநேகமாக இருக்காது. பவர்ட்ரெயின் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே ஐந்து சாமான்கள் இருக்கின்றன: பேட்டரி பேக், அதன் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் கியர், காருக்குள் இருக்கும் சார்ஜர். இவை ஐந்தும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. மோட்டாரில் பேரிங்கைத் தவிரத் தேய்வதற்கு அதிகமில்லை. கியர் ஆயிலை மட்டும் கவனித்துக்கொண்டால் கியரும் நீண்ட நாள் உழைக்கும்.

இன்வெர்ட்டர் போவதுண்டு. அதைக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்று நின்றுபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரையஸ்களில் அந்தச் சின்ன மின்சார வாட்டர் பம்ப் மக்கர் செய்ததால், 2012இல் டொயோட்டா அவற்றைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பேட்டரிதான் விதிவிலக்கு: ஓட்டினாலும் கிழடாகும், நிறுத்தி வைத்தாலும் கிழடாகும். முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம். ஆக, முடிவெடுக்கப் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பேட்டரி, அதைச் சுமக்கும் பாடி.

பேட்டரி உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாஷ்போர்டை நம்ப வேண்டாம். அங்கே காட்டும் ரேஞ்ச், நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் ஊகம். நிசான் லீஃபில் பேட்டரி ஆரோக்கியத்துக்கென்று 12 கோடுகள் உண்டு. ஆனால் முதல் கோடு மறைவதற்குள்ளேயே கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும். அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு சதவீதம் சொச்சம். கோட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாறுவோம்.

செய்ய வேண்டியது இது. காரின் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் இடம்) ஒரு ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, அந்தக் காருக்கென்று இருக்கும் ஆப்பைப் போனில் திறங்கள். லீஃப் என்றால் 96 செல் ஜோடிகளின் வோல்டேஜும் வரிசையாகக் குச்சிகள் போலத் தெரியும். நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாக் குச்சிகளும் ஒரே உயரத்தில் ஒழுங்காகத்தான் நிற்கும். ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போனைக் கொடுத்துவிட்டு, கால்வாசி சார்ஜில் ஒரு மேட்டில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். 95 குச்சிகள் சேர்ந்தாற்போலக் கொஞ்சம் இறங்க, ஒன்று மட்டும் பள்ளத்தில் விழுந்தால் உங்கள் பிரச்சினை அந்த ஒரு மாட்யூல்தான் (சில செல்களைச் சேர்த்த கட்டு), முழு பேக் இல்லை. எல்லாமே சமமாக இறங்கி, ஆரோக்கிய அளவும் (புதிதாக இருந்த கொள்ளளவில் மீதி) 65 சதவீதம் என்று காட்டினால், அது நேர்மையான முதுமை. அதற்கு ரிப்பேர் கிடையாது.

இதற்கும் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. முதலில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். அது பலவீனமானால் கார் என்னென்னவோ எச்சரிக்கைகளைக் காட்டிப் பயமுறுத்தும். அப்புறம் மென்பொருள் அப்டேட் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். 30 யூனிட் பேக்கோடு வந்த லீஃப்களில் ஆரோக்கியக் கணக்கே தப்பாகக் குறைத்துக் காட்டியது. 2018இல் நிசான் அப்டேட் கொடுத்த பிறகு, ‘செத்துக்கொண்டிருந்த’ பேக்குகள் பல ஒரே மதியத்தில் பிழைத்துக்கொண்டன.

ஹைபிரிட்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ‘மொத்த பேட்டரியும் போச்சு’ என்கிறார்கள். சரியா?

இருக்கலாம், ஆனால் விளக்கை மட்டும் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. பிரையஸ் போன்ற வண்டியில் பி0ஏ80 என்ற பிழைக் கோட் வந்தால், ஸ்கேனர் திரையில் ‘ஹைபிரிட் பேட்டரியை மாற்று’ என்ற பொருளில் ஒரு வரி வரும். மெக்கானிக் அதை அப்படியே படித்துச் சொல்லிவிடுகிறார்.

உள்ளே நடப்பது வேறு. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரையஸின் நிக்கல் பேக்கில் 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். கார் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகப் படிக்கிறது. ஒரு பிளாக் மற்றவற்றிலிருந்து அதிகம் விலகினாலே கோட் போட்டுவிடும். பின் சீட்டைக் கழற்றி மூடியைத் திறந்தால், மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகள் பச்சையாகக் களிம்பேறியிருப்பதைப் பார்க்கலாம். சில வண்டிகளில் அந்தத் தகடுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி, சரியான இறுக்கத்தில் திரும்பப் பூட்டினாலே கோட் மறைந்துவிடும். பின் சீட்டின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. அதன் பின்னால் இருக்கும் மின்விசிறி இறகுகளில் தூசியும் நாய் முடியும் சேர்ந்து கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். பேட்டரியை வேகவைத்துக் கொல்வது பல நேரம் இந்தப் படலம்தான். புது பேட்டரி போட்டுவிட்டு இதைச் சுத்தம் செய்யாமல் விட்டால், புதியதும் அதே வழியில் போகும்.

ஒரே ஒரு மாட்யூலை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், கொஞ்ச நாள் ஓடும். மீதி 27ம் அதே வயதுதான் என்பதால் சில மாதத்தில் அடுத்தது விழும், அப்புறம் இன்னொன்று. வண்டியை விற்கும்வரை தள்ளிக்கொண்டு போவதற்கு வேண்டுமானால் சரி. ‘ரீகண்டிஷன்’ என்று விற்கும் பேக்குகளில் பலவும் இப்படிப் பல வண்டிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை. வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டாலே குட்டு வெளிப்படும். என் கருத்தில், ஹைபிரிட்டுக்குப் போடுவதானால் புது செல்கள் கொண்ட பேக்கைப் போட வேண்டும். இல்லையென்றால் போடாமலே கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹைபிரிட்டில் பேட்டரி பாதி, இன்ஜின் பாதி. மூன்றாம் தலைமுறை பிரையஸின் 1.8 லிட்டர் இன்ஜினில், புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் பாதை கரியால் அடைபட்டு, நாளடைவில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போவது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சில நொடி தடதடவென்று உதறுகிறதா, கூலண்ட் கசிவில்லாமலே குறைகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேட்டரிக்குக் காசு செலவழிக்கும் யோசனையை அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய காரில் பெரிய பேக் போட முடியுமா?

சில கார்களில் முடியும். பேக்கின் வெளி அளவும் போல்ட் துளைகளும் தலைமுறை தாண்டி மாறாத இடத்தில்தான் இது எளிது.

அதிகம் செய்யப்படுவது லீஃபில். 2010 கடைசியில் வந்த முதல் லீஃபுக்கு 24 யூனிட் பேக். அமெரிக்க அரசுக் கணக்கில் 117 கிலோமீட்டர். 2018இல் 40 யூனிட், 243 கிலோமீட்டர். அடுத்த வருடம் 62 யூனிட் வந்தது. புதிய பேக்கைப் பழைய காரின் வயிற்றில் ஏற்றிவிடலாம். ஆனால் பேக் பேசும் பாஷை பழைய கணினிக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி, துபாஷி போல, செய்திகளை மாற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி இல்லாமல் கார் ஸ்டார்ட்டே ஆகாது. பெட்டி மலிவானதாக இருந்தால் ரேஞ்ச் கணக்கும் சார்ஜ் நேரமும் கோணல்மாணலாக வரும். 62 யூனிட் பேக் தடிமனும் கனமும் கூடியது. அதற்கு ஸ்பேசர், பின் ஸ்பிரிங் என்று உபரி வேலையும் உண்டு.

பிஎம்டபிள்யூ ஐ3க்குச் சில நாடுகளில் கம்பெனியே 22 யூனிட்டை எடுத்துவிட்டு 33 யூனிட் போட்டுத் தந்தது. ரெனோ ஸோயிக்கும் 22இலிருந்து 41க்குப் போகும் வழி சில நாடுகளில் இருந்தது. செவர்லே போல்ட் என்ற மின்சாரக் காரின் கதை தனி. தீப்பிடிக்கும் குறைக்காக 2021இல் எல்லா போல்ட்களையும் திரும்ப அழைத்தார்கள். 2017 முதல் 2019 வரை வந்த கார்களுக்குப் புது மாட்யூல்கள் போட்டபோது ரேஞ்ச் பழையதைவிட 8 சதவீதம் கூடியது. போதாததற்குப் பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டியும் புதிதாகத் தொடங்கியது. பழைய போல்ட் கையில் இருந்தால், விற்கும் முன் அந்த வேலை முடிந்துவிட்டதா என்று வண்டி எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள கார்களில், அதே அளவு பேக்கைத்தான் திரும்பப் போட முடியும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேறு காரின் செல்களைக் கொண்டு வீட்டிலேயே பேக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லலாம், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு அந்த வழி வேண்டாம்.

மோட்டாரையும் பெரிதாக்கினால் என்ன?

மின்சாரக் காரில் மோட்டார் கேட்கும் சக்தியைப் பேட்டரி கொடுக்க வேண்டும். கிழட்டு 24 யூனிட் பேக்கில் அழுத்தும்போதே வோல்டேஜ் சரிகிறது. அங்கே பெரிய மோட்டாரை வைத்தால் கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு ஆமை விளக்கைக் காட்டும். பெரிய பேக் போட்ட பிறகு, 2013க்குப் பிந்தைய லீஃப்களில் 2018 மாடலின் 110 கிலோவாட் இன்வெர்ட்டரைப் பொருத்துகிறவர்கள் உண்டு. மோட்டார் அதே குடும்பம் என்பதால் நடக்கிறது. ஓட்டுவதற்கு ஜாலியாக இருக்கும். காரணம் கேட்டால் ஜாலி மட்டும்தான். அதே காசில் 3.3 கிலோவாட் சார்ஜரை 6.6 ஆக்கினால் தினமும் சார்ஜ் நேரம் பாதியாகும். நான் அதைத்தான் சொல்வேன்.

சாதாரண ஹைபிரிட்டைப் பிளக்-இன் ஹைபிரிட்டாக மாற்றலாமா?

பிளக்-இன் என்றால் வயரைச் செருகிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட். இரண்டாம் தலைமுறை பிரையஸுக்கு 5 யூனிட் உபரிப் பேட்டரி கிட்டுகள் ஒருகாலத்தில் விற்றன. இன்று வேண்டாம். மோட்டார் வேகம், இன்ஜின் சூடு, ஹீட்டர் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இன்ஜின் ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். பிளக்-இன் வேண்டுமென்றால் அப்படியே பிறந்த காரை எடுங்கள்.

காசுக் கணக்கை எப்படிப் போடுவது?

‘பேட்டரி விலை காரின் விலையைவிட அதிகம், அதனால் வீண்’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அது அரைகுறைக் கணக்கு. ஒப்பிட வேண்டியது மாதச் செலவோடு மாதச் செலவை.

ஒரு உதாரணம், எண்கள் உண்மை விலைகள் அல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்தான். இன்று காரைக் கொடுத்தால் 20 வரும். புது பேக் போட 50 ஆகும். நான்கு வருடம் ஓட்டுவதற்குள் மற்ற ரிப்பேர் 10. அப்புறம் விற்றால் 12 கிடைக்கும். விட்டுக்கொடுத்த 20, பேக் 50, ரிப்பேர் 10, கழித்தல் 12: மொத்தம் 68. 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1.4. மறுபக்கம், எக்ஸ்சேஞ்சில் 150க்கு ஒரு வண்டி எடுக்கிறீர்கள், நான்கு வருடத்தில் அது 70க்கு வரும். போனது 80. கூடுதல் இன்சூரன்ஸ், கடன் வட்டி 20. மொத்தம் 100, மாதம் 2.1. பேட்டரி மாற்றுவதே லாபம்.

இப்போது அதே கணக்கை ஒன்றரை வருடத்துக்குப் போடுங்கள். பேக் புதிதாக இருப்பதால் பழைய கார் 30க்குப் போகும் என்றே வைப்போம், ரிப்பேர் 4. மொத்தம் 44, மாதம் 2.4. புதிய வண்டி 115க்கு இறங்கியிருக்கும், போனது 35, வட்டியும் மற்றதும் 8. 43, மாதம் 2.4. இரண்டும் ஒன்றாகிவிட்டது, அலைச்சல் மட்டும் மிச்சம்.

இதிலிருந்து நான் எடுக்கும் விதி: பேட்டரி மாற்றினால் குறைந்தது நான்கு வருடமாவது வைத்து ஓட்டும் எண்ணம் இருக்க வேண்டும். விற்பதற்காகப் பேட்டரி மாற்றுவது, இடிக்கப் போகும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல. டீலர் தன் அட்டவணையில் வருடம், மாடல், ஓடிய கிலோமீட்டர் பார்த்து விலை போடுவார். நீங்கள் போட்ட 40 யூனிட்டுக்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. அப்படி விற்றே ஆக வேண்டுமென்றால் ஆரோக்கிய ரீடிங்கையும் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு நேரடியாக வாங்குபவரிடம் விற்பதுதான் நல்லது.

எனக்கு எவ்வளவு ரேஞ்ச் வேண்டும் என்பதே தெரியவில்லையே?

இரண்டு வாரம் தினமும் ஓடிய தூரத்தைக் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு 65 சதவீதத்தில் இருக்கும் 24 யூனிட் லீஃபை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது கைக்கு வந்தது 21 யூனிட் அளவு. இப்போது 14க்குள். யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் என்றால் நல்ல நாளில் தொண்ணூறு. நெடுஞ்சாலையிலோ கடும் குளிரிலோ அறுபதுக்கு இறங்கும். உங்கள் தினசரி ஓட்டம் 35 என்றால் பேட்டரியும் வேண்டாம், எக்ஸ்சேஞ்சும் வேண்டாம். அப்படியே ஓட்டுங்கள். இந்தப் பதில் கேட்டு ஏமாந்து போகிறவர்கள் நிறைய.

எப்போது யோசிக்காமல் கொடுத்துவிடலாம்?

அடிப்பாகத்தில் பேக் மாட்டும் இடங்களைத் துரு தின்றிருந்தால். விபத்தில் சட்டம் வளைந்திருந்தால். குடும்பம் பெரிதாகிக் காரே சிறிதாகிவிட்டால். வேக சார்ஜிங்கை நம்பித்தான் நீண்ட தூரம் போக வேண்டும், ஆனால் உங்கள் காரில் இருப்பது சாடெமோ என்ற வகை வேக சார்ஜ் சாக்கெட், நீங்கள் போகும் வழியிலெல்லாம் சிசிஎஸ் என்ற வேறு வகை மட்டும்தான் என்றாலும் அப்படித்தான். அடாப்டர்கள் இப்போது வந்திருக்கின்றன, ஆனாலும் காற்றால் மட்டும் குளிரும் பேக்கை அடுத்தடுத்து வேக சார்ஜ் செய்தால் சூடேறி வேகம் குறைந்துவிடும். பெரிய பேக் போட்டாலும் அந்தக் குணம் மாறாது.

வாரண்டியில் ஏதாவது கிடைக்குமா?

பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றம் என்று தருகின்றன. ஏழரை வருடம் ஆன கார் என்றால் முடிவை ஒத்திப்போடாமல் இன்றே ஆரோக்கிய ரீடிங் எடுங்கள். 71 சதவீதம் என்றால் அடுத்த மாதமும் ஒருமுறை.

நானே வீட்டில் மாற்றலாமா?

பிரையஸில் 200 வோல்ட், லீஃபில் 400 வோல்ட்டுக்குப் பக்கம். இரண்டும் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன், ஏன் வேண்டாம் என்பது அதிலேயே தெரியும். முதலில் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவுவார்கள். உருவியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், வேறு யாரும் தெரியாமல் திரும்பச் செருகிவிடக் கூடாது என்று. இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர் வடிய பத்து நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் ரப்பர் கையுறையோடு மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைப்பார்கள். அவ்வளவு செய்தும், பேக்கின் உள்ளே மின்சாரம் அப்படியேதான் இருக்கும். மின்விசிறியைச் சுத்தம் செய்வது, ரீடிங் எடுப்பது, 12 வோல்ட் பேட்டரி மாற்றுவது: இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதிவு, இன்சூரன்ஸ்?

அதே அளவு பேக் என்றால் அநேகமாகப் பிரச்சினையில்லை. கொள்ளளவோ சக்தியோ எடையோ மாறினால் பல நாடுகளில் மறு அனுமதி வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் பேச்சே வேறு.

வேலையைக் கொடுக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

பேக் எந்த வருட காரிலிருந்து எடுத்தது, அந்த கார் எப்படி அடிபட்டது, இன்றைய ஆரோக்கிய ரீடிங் என்ன. வாரண்டி உதிரிக்கு மட்டுமா, கழற்றி மாட்டும் கூலிக்கும் சேர்த்தா. புது பேக்கை இந்தக் காரோடு மென்பொருளில் ஜோடி சேர்க்க வேண்டுமா, அந்தக் கருவி அவர்களிடமே இருக்கிறதா. இந்த ஜோடி சேர்ப்பில்தான் பல வேலைகள் நின்றுபோகின்றன. இதே மாடலில் அவர்கள் மாற்றிய ஒரு காரைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய பேக்கை என்ன செய்வது?

சும்மா விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கு மதிப்பு இருக்கிறது. 24 யூனிட் லீஃப் பேக்கில் 48 மாட்யூல்கள் தனித்தனியாக வரும். காரை இழுக்கத் தெம்பில்லாதவை சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்க இன்னும் பல வருடம் உழைக்கும். ஒர்க்‌ஷாப் அதை எடுத்துக்கொள்வதானால் பில்லில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று முதலிலேயே பேசுங்கள். உப்பிய மாட்யூலை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது நேராக மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும்.